மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தைராய்டும் சத்துக் குறையும்: எதை முதலில் சோதிப்பது?

45 வயதைத் தாண்டிய ஒரு பெண் சோர்வு, முடி உதிர்தல், தூக்கமின்மை, எடை கூடுதல், படபடப்பு, மறதி என்று மருத்துவரிடம் சொன்னால், அந்தப் பட்டியலுக்கு மூன்று விளக்கங்கள் பொருந்தும். சினைப்பைகளின் வேலை முடிவுக்கு வந்துகொண்டிருக்கலாம். தைராய்டு சுரப்பி மந்தமாகியிருக்கலாம். ரத்தத்தில் இரும்போ பி12 வைட்டமினோ குறைந்திருக்கலாம். இரண்டு சேர்ந்திருப்பதும் மூன்றும் சேர்ந்திருப்பதும்கூட அரிதல்ல. இந்த மயக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு, பரிசோதனைக் கூடங்கள் ‘ஹார்மோன் பேக்கேஜ்’ விற்கின்றன. துணைச்சத்து நிறுவனங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை விற்கின்றன.

இதற்கிடையில், 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மாதவிடாய் நிறைவுக்கான ஹார்மோன் மருந்துகளின் மீது இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்த கட்டமிட்ட எச்சரிக்கையின் (மருந்துச் சீட்டில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. அப்படியானால் இவ்வளவு காலம் பயந்தது வீணா, இனி எல்லோரும் ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அதற்கு விடை காணும் முன், மூன்று சிக்கல்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தைராய்டுக் குறையும் சத்துக் குறையும் அளந்து கண்டுபிடிக்கக்கூடியவை, பெரும்பாலும் முழுமையாகச் சரிசெய்யக்கூடியவை. மாதவிடாய் நிறைவு நோயே அல்ல. 45 வயதுக்கு மேல் அதை ரத்தத்தில் அளப்பதால் கிடைக்கும் பயனும் குறைவு. எனவே அளக்கக்கூடியவற்றை முதலில் அளந்து சரிசெய்துவிட்டு, எஞ்சும் தொல்லைக்கு மட்டும் ஹார்மோன் தேவையா என்று யோசிப்பதே பொருத்தமான வரிசை.

சினைப்பையில் நடப்பது என்ன?

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் முதிராத நிலையில் இருக்கின்றன. அவை வாழ்நாள் முழுவதும் குறைந்துகொண்டே வந்து, மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஆயிரத்துக்கும் கீழே போய்விடுகின்றன. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருந்தால், கடைசியாக வந்த நாளை மாதவிடாய் நிறைவு என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. இந்தியாவில் 46 அல்லது 47. நம் பெண்களுக்கு எலும்பும் இதயமும், சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் பாதுகாப்பை இழக்கும் காலம் அந்த அளவுக்கு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

தொல்லை தருவது பெரும்பாலும் அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான். முட்டை வெளியாகாத மாதங்கள் கூடும்போது முதலில் குறைவது, முட்டை வெளியானபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் இளவயதில் இருந்ததைவிடவும் உயர்ந்து, அடுத்த மாதம் சரிந்து, மறுபடியும் ஏறுகிறது. மாதவிலக்கு 20 நாளில் வருவதும், மூன்று மாதம் வராமல் இருந்து பிறகு கட்டி கட்டியாகப் போவதும் இதனால்தான். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்கள் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. உடல் வெப்பம் இம்மியளவு கூடினாலும் உடனே குளிர்விக்க வேண்டும் என்று அவை ஆணையிடுவதால், முகமும் மார்பும் குப்பென்று சூடாகி, சில நிமிடங்களில் வியர்த்து அடங்குகிறது. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், இந்தத் தொல்லை அடிக்கடி வந்தவர்களில் பாதிப்பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ‘ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்லப்படும் ஆறுதல் பலருக்குப் பொருந்துவதில்லை.

ஈஸ்ட்ரோஜன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதால், ஒருநாள் எடுத்த ரத்தத்தில் கிடைக்கும் எஃப்.எஸ்.எச் (சினைப்பையைத் தூண்டும் மூளை ஹார்மோன்) அல்லது எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) எண் அந்த ஒருநாளை மட்டுமே சொல்லும். 45 வயதுக்கு மேல், மாதவிலக்கு ஒழுங்கு தவறி, உடல் சூடும் இரவு வியர்வையும் இருந்தால், அதைக் கேட்டே முடிவு செய்யலாம். 45 வயதுக்குக் கீழ் என்றால் பரிசோதனை தேவை. 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உமிழ்நீரில் ஹார்மோன் அளக்கும் பரிசோதனைகளுக்குச் செலவழிப்பது வீண்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒழுங்கு தவறிய மாதங்களிலும் கருத்தரிக்க முடியும். கடைசி மாதவிலக்குக்குப் பிறகு, 50 வயதைத் தாண்டியவர்கள் ஓர் ஆண்டும், அதற்குக் கீழ் உள்ளவர்கள் இரண்டு ஆண்டும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும்.

தைராய்டு: எது ஒத்துப்போகிறது, எது வேறுபடுகிறது?

எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டுக் குறைவு காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம். வயது ஏற ஏறக் கூடும். ஆகவே மாதவிடாய் நிற்கும் வயதும் தைராய்டு சோரும் வயதும் பலருக்கு ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம் என்றாலும், சில தடயங்கள் உண்டு. தைராய்டு குறைந்தவருக்குக் குளிர் தாங்காது, மலச்சிக்கல் இருக்கும், தோல் வறளும், குரல் கரகரக்கும். தைராய்டு மிகுந்தவருக்கு வியர்வையும் படபடப்பும் இருக்கும். ஆனால் அந்த வெப்பம் சில நிமிடங்கள் வந்து போவதாக இல்லாமல் நாள் முழுவதும் நீடிக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். பிறப்புறுப்பு வறட்சியும், நடு இரவில் நனைந்து எழும் வியர்வையும் மாதவிடாய் நிறைவின் பக்கம் சுட்டும். ஐயம் தீர்ப்பது டி.எஸ்.எச் என்ற ஒரே பரிசோதனை. தைராய்டைத் தூண்டும் இந்த ஹார்மோன், சுரப்பி மந்தமானால் ஏறும், மிகையானால் இறங்கும். அது இயல்புக்கு மாறாக இருந்தால் அடுத்து, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனைப் பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எச் இயல்பு அளவு பெரும்பாலான கூடங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. குழப்பம் 5, 6, 7 என்று வரும்போதுதான். டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச் மட்டும் சற்றுக் கூடியிருப்பதை மறைநிலைத் தைராய்டுக் குறைவு என்கிறார்கள். இதில் கணிசமானோருக்குச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் தானாகவே இயல்புக்குத் திரும்பியிருக்கும். பொதுவாக 10-ஐத் தாண்டினால் மாத்திரை தொடங்குகிறார்கள். அதற்குக் கீழே என்றால் அறிகுறி, வயது, சொந்தத் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். 5.8 என்ற ஒற்றை எண்ணைக் கண்டு, உடல் சூட்டுக்கும் தூக்கமின்மைக்கும் அதுவே காரணம் என்று வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவது பல இடங்களில் நடக்கிறது. அந்த மாத்திரையால் உடல் சூடு குறையாது. அளவு மிஞ்சினால் வியர்வையும் படபடப்பும் இன்னும் கூடும்.

பரிசோதனையையே பொய்யாக்கும் ஒரு பொருள் நம் மருந்துக் கடைகளில் தாராளமாக விற்கிறது: பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். முடி உதிர்வுக்காக எடுத்துக்கொள்ளப்படும் இந்த மாத்திரைகளில் உள்ள அதிக அளவு பயோட்டின், பல கருவிகளில் டி.எஸ்.எச்-ஐக் குறைவாகவும் டி4-ஐக் கூடுதலாகவும் காட்டிவிடும். தைராய்டுக் குறைவால் முடி கொட்டும் பெண்ணுக்குப் பரிசோதனை முடிவு ‘மிகை’ என்று வருவதற்கு இது போதும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தி, எடுத்துக்கொண்டிருந்ததைப் பரிசோதனைக் கூடத்திலும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

சத்துகள்: எல்லாம் ஒரே அளவு முக்கியமில்லை

1. இரும்பு. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் நிற்கும் முன் வரும் மிகை ரத்தப்போக்கு ஏற்கெனவே வற்றிய சேமிப்பையும் கரைத்துவிடுகிறது. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும், சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் இருந்தால் சோர்வும் முடி உதிர்வும் இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் கணக்கு தலைகீழாகிறது. இழப்பு நின்றுவிடுவதால் இரும்புத் தேவை பாதிக்கும் கீழே குறைகிறது. அந்த வயதில் புதிதாக இரும்புக் குறை வந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது.

2. பி12. சைவ உணவுக்காரர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் ஆகியோருக்கு இது குறைய வாய்ப்பு அதிகம். பாதத்தில் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதி ஆகியவை இதன் குறிகள். மறதியை மாதவிடாய் நிறைவின் தலையில் கட்டிவிட்டு பி12 பார்க்காமல் விட்டால், நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடக்கூடும்.

3. வைட்டமின் டி. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறை என்று பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வீதம் எட்டு வாரம் என்பது இங்கே வழக்கமான சீட்டு. எட்டு வாரம் முடிந்தும் அதை மாதக்கணக்கில் தொடர்வதும், ‘வாரம் ஒன்று’ என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு தினமும் எடுப்பதும் ஆபத்தானவை. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

4. கால்சியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும் இருக்கின்றன. இரண்டு தம்ளர் பால் அல்லது தயிர், ஒரு வேளை கேழ்வரகுக் களி அல்லது கூழ், ஒரு கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி என்று சேர்த்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். குறையும் பகுதிக்கு மட்டும் மாத்திரை எடுக்கலாம். அதுவும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல். நீர்மோர் பால் கணக்கில் சேராது. தண்ணீர் எவ்வளவு கலந்ததோ அவ்வளவு கால்சியம் குறைந்திருக்கும்.

5. அயோடின். நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் கலந்த உப்பே அதைத் தந்துவிடும். உடலுக்கு நல்லது என்று அண்மைக்காலத்தில் சமையலறைக்குள் வந்த இந்துப்பிலும், பொட்டலமிடாத கல் உப்பிலும் பொதுவாக அயோடின் சேர்க்கப்படுவதில்லை. மறுபக்கம், கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று மிகையாக எடுத்தாலும் தைராய்டு கெடும். தைராய்டைக் கெடுக்கும் என்று முட்டைக்கோசைத் தவிர்க்கும் பழக்கத்துக்கு, அயோடின் போதுமான அளவு கிடைக்கும் வீட்டில் வேலையில்லை.

மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும் இடங்கள்

தனித்தனியாக மூன்று மருத்துவர்களிடம் போகிறவர்களுக்கு அதிகம் தவறிப்போவது இந்தப் பகுதிதான்.

1. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கல்லீரல் வழியாகச் செல்லும்போது, தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஆரோக்கியமான தைராய்டு கூடுதலாகச் சுரந்து ஈடுசெய்துவிடும். ஏற்கெனவே தைராக்சின் (தைராய்டுக் குறைவுக்குத் தரப்படும் ஹார்மோன்) மாத்திரையை நம்பியிருப்பவரால் அது முடியாது; அவருக்கு மாத்திரை அளவைக் கூட்ட வேண்டிவரும். எனவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கியபின் 6 முதல் 12 வாரங்களுக்குள் டி.எஸ்.எச் பார்க்க வேண்டும், நிறுத்தினாலும் மறுபடி பார்க்க வேண்டும். தோலில் பூசும் ஜெல்லும் ஒட்டுப் பட்டையும் இந்தச் சிக்கலைத் தருவதில்லை.

2. கால்சியமும் இரும்பும் குடலில் தைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நன்றாக இருந்த டி.எஸ்.எச் திடீரென ஏறினால், மாத்திரை அளவைக் கூட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி: எலும்புக்கென்று புதிதாகக் கால்சியம் தொடங்கினீர்களா?

3. தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. கடுமையான இரும்புக் குறையைச் சரிசெய்யாமல் தைராய்டு எண்ணை மட்டும் துரத்துவதில் பயன் இல்லை.

4. தைராய்டுக் குறைவுக்கு முதன்மைக் காரணமான ஹாஷிமோட்டோ நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குகிறது. இத்தகையவர்களில் சிலருக்கு இரைப்பையும் அவ்வாறே தாக்கப்பட்டு, பி12 உறிஞ்சப்படாமல் போகிறது. தைராய்டு எண் சரியாகியும் சோர்வு போகாவிட்டால் பி12-ஐப் பார்க்க வேண்டும்.

5. மாதவிடாய் நிற்பதைச் சுற்றியுள்ள சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. அதே காலத்தில் தைராக்சின் அளவு மிஞ்சி டி.எஸ்.எச் 0.1-க்குக் கீழ் அழுந்தியிருந்தால், எலும்பு இருமுனையிலும் தேயும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறவும் வாய்ப்பு கூடும். எடை குறையும் என்ற ஆசையில் தைராய்டு மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் பழக்கம் இந்த வயதில்தான் மிகவும் கேடு செய்யும்.

6. அசுவகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ‘மூலிகைதானே’ என்று தைராக்சினோடு சேர்த்து எடுப்பது சரியில்லை. சோயாவும் தைராக்சின் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஹார்மோன் சிகிச்சை: 2002-இல் நடந்ததும் 2025-இல் மாறியதும்

அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. பக்கவாதமும் இதய நோயும் சற்றே கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. செய்தி பரவியபோது இந்தச் சிறிய எண்கள் மறைந்து, ‘ஹார்மோன் என்றால் புற்றுநோய்’ என்பது மட்டும் நின்றது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்களில் பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது என்பதும் கவனிக்கப்படவில்லை. பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்குத் தீங்கு குறைவாகவும் பயன் மிகுதியாகவும் இருந்தது.

2025-இல் அறிவிக்கப்பட்ட மாற்றம் இந்தப் புரிதலின் தொடர்ச்சி. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், மாரடைப்பு அல்லது பக்கவாதம் கண்டவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. எச்சரிக்கை தளர்ந்ததை அனைவருக்குமான அழைப்பாகப் படிப்பது, 2002-இல் செய்த தவறை மறுதிசையில் செய்வதாகும். உடல் சூட்டால் தூக்கமும் வேலையும் கெடும் 48 வயதுப் பெண்ணுக்கு இது இருக்கும் சிகிச்சைகளிலேயே அதிகப் பயன் தருவது. தொல்லை எதுவும் இல்லாத 65 வயதுப் பெண் இதயத்தைக் காக்கவென்று தொடங்க வேண்டியதில்லை.

பிறப்புறுப்பு வறட்சிக்கும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கும், அந்த இடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும். ரத்தத்தில் அது மிகக் குறைவாகவே சேர்கிறது. ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மருந்துகளும், அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் உதவுகின்றன. ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களை நேரடியாக அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் அமெரிக்காவில் 2023-இல் ஒப்புதல் பெற்றது. அதை எடுப்பவர்கள் கல்லீரலைக் கண்காணித்துவர வேண்டும்.

முதல் சந்திப்பில் என்னென்ன கேட்கலாம்?

டி.எஸ்.எச், முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம்: பெரும்பாலோருக்கு இவை போதும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் கெட்ட கொழுப்பு கூடி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதால், கடைசி மூன்றைத் தள்ளிப்போடக் கூடாது. சிறு வயதில் மாதவிடாய் நின்றவர்கள், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள், நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் ஆகியோருக்கு டெக்சா எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவை.

ஒன்றை மட்டும் எந்த ஹார்மோன் ஏற்ற இறக்கத்தின் கணக்கிலும் எழுதிவிடக் கூடாது. 12 மாதம் மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை பரிசோதிக்கப்பட வேண்டும்.

கர்ப்பப்பை எடுத்தவர்களின் நிலை

மேலே சொன்ன கணக்குகள் பொருந்தாத ஒரு பெரிய கூட்டம் நம்மிடையே உண்டு. முப்பதுகளிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்கள் இந்தியாவில் ஏராளம். மாதவிலக்கே இல்லாததால், அவர்களுக்கு அது எப்போது நின்றது என்று சொல்லும் அடையாளமும் இல்லை. சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். ஆனால் சிலருக்கு அது எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே ஓயும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், அறுவை நடந்த அன்றே மாதவிடாய் நிறைவு வந்துவிட்டது. 45 வயதுக்குள் இது நடந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்ட்ரோஜன் தருவதே பரிந்துரை. எலும்பும் இதயமும் இழந்த ஆண்டுகளை அது ஓரளவு ஈடுசெய்கிறது. கருப்பை இல்லாததால் புரோஜெஸ்டிரோனும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

நடைமுறையில் இவர்களில் பலருக்கு எது எடுக்கப்பட்டது என்பதே தெரியாது. மருத்துவமனை தந்த விடுவிப்புச் சீட்டில் சினைப்பைகள் இரண்டும் அகற்றப்பட்டனவா, ஒன்று மட்டுமா, இரண்டும் விடப்பட்டனவா என்று எழுதியிருக்கும். சீட்டு தொலைந்திருந்தால் ஸ்கேனில் சினைப்பைகள் தென்படுகின்றனவா என்று பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பயன் குறைவு என்று சொன்ன எஃப்.எஸ்.எச் பரிசோதனை இவர்களுக்கு உதவும்: நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இருமுறை பார்த்து இரண்டிலும் உயர்ந்தே இருந்தால், சினைப்பைகள் ஓய்ந்துவிட்டன என்று கொண்டு எலும்பு அடர்த்தியையும் ஈஸ்ட்ரோஜன் தேவையையும் அந்தச் சந்திப்பிலேயே பேசி முடிவெடுக்கலாம்.